உயர்வகுப்பு உபசாரமும் விமானச் சிப்பந்திகளின் மனோபாவமும்

நீண்ட தூரம் செல்லும் விமானமொன்றின் முற்பகுதியில் அமரும் பிரயாணி செலுத்தும் கட்டணம், அதே விமானத்தின் பிற்பகுதியில் அமர்ந்து அதே நேரத்தில் அதே ஊரைச் சென்றடையும் மற்றொருவர் செலுத்துவதைப் போலப் பல மடங்காக இருப்பது இன்று சர்வசாதாரணமான விஷயம். அந்த மிகைத்தொகைக்கு ஈடாக அவருக்குக் கிடைப்பவற்றுள் படுக்கையாக விரியும் ஆசனமும், பீங்கான் தட்டில் வரும் உணவும், வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கும் சலுகையும் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் இவையெல்லாம் பணம் இருந்தால் எந்தக் கம்பெனியும் வாங்கிப் பொருத்திவிடக்கூடியவை. ஒரு கம்பெனி புதிய ஆசனத்தை அறிமுகப்படுத்தினால், சில வருஷங்களுக்குள் போட்டிக் கம்பெனியும் அதையொத்த ஒன்றைக் கொண்டுவந்துவிடுகிறது. அப்படிச் சுலபத்தில் நகலெடுக்க முடியாதது, அந்த ஆசனத்தருகே வந்து நிற்கும் சிப்பந்தியின் நடத்தை ஒன்றுதான். ஆகவேதான், உயர்வகுப்பில் சென்று திரும்பியவர்கள் ஆசனத்தின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், பணிப்பெண் முகங்கொடுத்துப் பேசினாரா இல்லையா என்பதைப் பற்றிப் பத்து வார்த்தை சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சோடு பெரும்பாலும் ஒரு தீர்ப்பும் சேர்ந்தே வருகிறது. ஆசியக் கம்பெனிகளின் சிப்பந்திகள் இயல்பிலேயே பணிவுள்ளவர்கள், அமெரிக்கக் கம்பெனிகளின் சிப்பந்திகள் இயல்பிலேயே கடுமுகம் காட்டுபவர்கள் என்பது அத்தீர்ப்பு. சுபாவத்தையும் தேசத்தையும் காரணமாகக் காட்டும் இந்த எண்ணம் எவ்வளவு பரவலானதோ அவ்வளவு பிழையானது என்பது என் துணிபு. முகத்தில் தோன்றும் மலர்ச்சியையும் சுளிப்பையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்த முகத்துக்குரியவரின் வேலை எவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

உயர்வகுப்பில் இராப்போஜனம் பரிமாறப்படும் விதத்தைச் சற்று அருகிலிருந்து நோக்கலாம். விமானம் மேலெழும்பிச் சமநிலையை அடைந்ததும், திரைக்குப் பின்னாலுள்ள சமையற்கட்டில், இருவர் நின்றாலே தோளோடு தோள் உரசும் அந்தக் குறுகிய இடத்தில், வேலை தொடங்குகிறது. உணவு அங்கே சமைக்கப்படுவதில்லை. தரையில் சமைத்துக் குளிரூட்டி வண்டிகளில் அடைத்து ஏற்றியதை அடுப்பில் மீண்டும் சூடாக்கி, மூடியிருக்கும் தாளைப் பிரித்து, பீங்கான் தட்டில் இப்போதுதான் சமைத்தது போன்ற தோற்றத்துடன் எடுத்துவைக்க வேண்டும். பின்வகுப்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரே தட்டில் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். இங்கோ சூடான கைத்துண்டு, பானம், மேசைத்துணி, முதலில் வரும் சிறுதட்டு, பிரதான உணவு, இனிப்பு, காப்பி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கொண்டுபோய்த் தனித்தனியே எடுத்துவரப்பட வேண்டும். இடையில் ஒருவர் தாம் உடனே தூங்கப்போவதாகவும் எல்லாவற்றையும் ஒன்றாகவே தந்துவிடுமாறும் கேட்பார். மற்றொருவர் இரண்டு மணி நேரம் கழித்து எழுப்பச் சொல்வார். இன்னொருவர் விரும்பிய உணவு அவருடைய வரிசைக்கு வருமுன்பே தீர்ந்துபோயிருக்கும். போதாக்குறைக்கு, விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள மலைப்பகுதியின் அழுத்தத்துக்குச் சமமானது. காற்றின் ஈரப்பதமோ நூற்றுக்கு 20 பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நாவும் மூக்கும் வறண்ட அந்நிலையில் உப்பும் இனிப்பும் தரையில் தெரிவதைவிடக் குறைவாகவே தெரியும் என்பதை ஜெர்மனியின் பிரௌன்ஹோஃபர் நிறுவனத்தார் லுஃப்தான்ஸா கம்பெனிக்காகச் செய்த பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. பதார்த்தம் சப்பென்று இருக்கிறது என்று பிரயாணி சொன்னால், அதற்கு விடை சொல்ல வேண்டிய சமையற்காரர் எங்கோ தரையில் இருக்கிறார். புன்னகையோடு விடை சொல்ல வேண்டிய கடமை எதிரில் நிற்பவர் தலையில் விழுகிறது.

இவ்வளவு வேலைக்கும் எத்தனை பேர் என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்வதில்லை. அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் 50 ஆசனங்களுக்கு ஒரு சிப்பந்தி என்று சட்டம் விதிப்பது, ஆபத்து வேளையில் பிரயாணிகளை வெளியேற்றுவதை உத்தேசித்தே. அதற்கு மேல் எத்தனை பேரை அமர்த்துவது என்பது கம்பெனியின் விருப்பம். அந்த விருப்பமே உபசாரத்தின் அஸ்திவாரம்.

சரித்திரத்தைப் பார்த்தால், இந்தத் தொழில் உபசாரத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. 1930-ஆம் வருஷம் மே மாதம் 15-ஆம் தேதி போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் விமானத்தில் முதன்முதலாகப் பணியேற்ற எல்லன் சர்ச் என்ற பெண்மணி மருத்துவத் தாதி. விமானம் ஓட்டவும் கற்றவர். தாதி ஒருவர் உடனிருந்தால் ஜனங்களுக்குப் பறப்பதில் உள்ள பயம் தணியும் என்பது அவர் கம்பெனியாரிடம் எடுத்துரைத்த யோசனை. பின்னர், கட்டணங்களை அரசாங்கங்களும் விமானக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கமும் நிர்ணயித்த காலத்தில், விலையைக் குறைத்துப் போட்டியிட முடியாத கம்பெனிகள் உணவிலும் உடையிலும் சிரிப்பிலும் போட்டியிட்டன. 1958-இல் அட்லாண்டிக் மார்க்கத்தில் சிக்கன வகுப்புக்கு ஸாண்ட்விச் மட்டுமே தரலாம் என்று விதி செய்யப்பட்டபோது, ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்.ஏ.எஸ். அந்தப் பெயரிலேயே இறைச்சியும் மீனும் அடுக்கிய ஆடம்பர உணவைப் பரிமாறியதும், பான் ஆம் கம்பெனி அதை எதிர்த்து முறையிட்டதும், எஸ்.ஏ.எஸ். அபராதம் கட்ட நேர்ந்ததும் அக்காலத்துப் போட்டியின் கடுமையைக் காட்டும். 1960-களில் பிரானிஃப் கம்பெனி இத்தாலிய உடைக் கலைஞர் எமிலியோ புச்சியையும், சிங்கப்பூர்க் கம்பெனியின் முன்னோடியான நிறுவனம் பாரிஸ் கலைஞர் பியேர் பால்மானையும் கொண்டு பணிப்பெண்களின் உடையை வகுத்தன. பணிப்பெண்ணே கம்பெனியின் விளம்பரப் பொருளானார்.

இந்தப் போக்கின் உச்சத்தை ஒரு வழக்கில் காணலாம். ஆணாகப் பிறந்த காரணத்தால் தமக்கு வேலை மறுக்கப்பட்டது என்று செலியோ டியாஸ் என்பவர் பான் ஆம் மீது தொடுத்த வழக்கில், பிரயாணிகளின் கலக்கத்தைத் தணிக்கப் பெண்களே தகுந்தவர்கள் என்று நிரூபிப்பதற்காகக் கம்பெனியார் எரிக் பெர்ன் என்ற புகழ்பெற்ற மனோதத்துவ மருத்துவரைச் சாட்சியாக நிறுத்தினார்கள். 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. பிரயாணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதே விமானக் கம்பெனியின் சாராம்சமான தொழில், இனிய சூழ்நிலை அதற்குத் துணையானது மட்டுமே என்பது அத்தீர்ப்பின் கருத்து. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் இத்தொழிலைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடத் தெளிவான வாக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிப்பந்திகளின் மனோபாவத்தைச் சாஸ்திரீயமாக ஆராய்ந்த நூல்களுள் தலையாயது, கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983-இல் வெளியிட்ட ‘த மேனேஜ்டு ஹார்ட்’. டெல்டா கம்பெனி அட்லாண்டா நகரில் நடத்திய பயிற்சிப் பள்ளியின் வகுப்புகளில் உட்கார்ந்து அவர் கண்டறிந்தவை இன்றும் நம் கவனத்துக்கு உரியவை. அங்கே புதியவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது தட்டுப் பிடிக்கும் முறை மாத்திரமன்று. விமானத்தின் உட்புறத்தைத் தங்கள் சொந்த வீட்டின் கூடமாகவும் பிரயாணிகளை வீடு தேடி வந்த விருந்தினராகவும் பாவித்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கோபித்துக் கத்தும் பிரயாணியைக் கண்டால், அவர் ஏதோ பெரிய துக்கத்தில் இருக்கிறார் என்றோ, பயந்துபோன குழந்தை என்றோ மனத்தில் கற்பித்துக்கொண்டு, தமக்குள் எழும் சினத்தைத் தாமே கரைத்துக்கொள்ளும்படி பழக்கப்பட்டார்கள். முகத்தில் மட்டும் பாவனை காட்டுவது ஒரு வகை. பாவனைக்கு இசைய உள்ளத்தையே திருத்திக்கொள்வது மற்றொரு வகை. கம்பெனி விரும்பியது இரண்டாவதை. கூலிக்காக உணர்ச்சிகளை ஆண்டு நடத்தும் இந்த உழைப்பை, தசையின் உழைப்புக்கும் மூளையின் உழைப்புக்கும் அடுத்த மூன்றாவது உழைப்பாக, உணர்வுழைப்பாக, ஹோக்ஷில்ட் எடுத்துக் காட்டினார்.

அவர் சொன்னவற்றுள் நம் விஷயத்துக்கு மிக முக்கியமானது வேறொன்று. 1978-இல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியதும், கம்பெனிகள் செலவைக் குறைக்கத் தலைப்பட்டன. விமானங்கள் பெருத்தன, ஒரு சிப்பந்தி கவனிக்க வேண்டிய பிரயாணிகளின் தொகையும் பெருத்தது, தரையில் இளைப்பாறும் நேரமோ சுருங்கியது. ஆயினும் விளம்பரங்களில் வாக்களிக்கப்பட்ட புன்னகை மட்டும் குறையவில்லை. வேலையின் வேகத்தை எதிர்க்க வேறு வழியில்லாத சிப்பந்திகள், தங்கள் வசத்தில் இருந்த ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். சிரிப்பைச் சுருக்கினார்கள், கண்ணோடு கண் பார்ப்பதைத் தவிர்த்தார்கள், இயந்திரம் போல இயங்கினார்கள். பிரயாணி எதைத் திமிர் என்று கண்டாரோ அது பெரும்பாலும் களைப்பின் தற்காப்பாகவே இருந்தது. இன்று உயர்வகுப்பைப் பற்றி எழும் புகார்களில் பாதிக்கு விளக்கம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

மறுபாதிக்கு விளக்கம் பணிமூப்பு முறையில் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிகளில் யார் எந்த மார்க்கத்தில் செல்வது, எந்த நாள் ஓய்வு எடுப்பது, பல கம்பெனிகளில் விமானத்தின் எந்தப் பகுதியில் நிற்பது என்பவைகூடச் சேர்ந்த தேதியின் வரிசைப்படியே தீர்மானமாகின்றன. மாதாமாதம் மூத்தவர் முதலில் தேர்ந்தெடுப்பார், இளையவர் எஞ்சியதைப் பெறுவார். இதனால் நீண்ட வெளிநாட்டு மார்க்கங்களில் இருபது முப்பது வருஷம் பணியாற்றியவர்களைக் காண்பது இயல்பு. அவர்களை வேலையிலிருந்து எளிதில் நீக்க முடியாது. ஆகவே அச்சத்தால் விளையும் பணிவை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. இம்முறையில் குறை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சிறப்பாகச் சேவை செய்பவருக்கும் கடனே என்று செய்பவருக்கும் ஒரே ஊதியம், ஒரே உரிமை என்று ஆகும்போது, உற்சாகம் தேய்வதற்கு இடமுண்டு. அது நேர்வதைப் பிரயாணிகள் கண்டும் இருக்கிறார்கள். ஆனால் இம்முறை ஏன் வந்தது என்பதை அறியாமல் அதைப் பழிப்பது நியாயமன்று. முப்பது வயதைத் தாண்டியவர்களையும் மணம் செய்துகொண்டவர்களையும் எடை கூடியவர்களையும் வீட்டுக்கு அனுப்பிய அதிகாரிகளின் பாரபட்சத்துக்கு எதிராகத் தொழிலாளர் போராடிப் பெற்ற கவசம் அது.

கீழ்த்திசைக் கம்பெனிகளின் புகழ்பெற்ற பணிவுக்குப் பின்னாலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சிப்பந்திகளுக்கு அளிக்கும் மாதக்கணக்கான பயிற்சி உலகின் மிக விரிவான பயிற்சிகளுள் ஒன்று என்பதும், அங்கே ஒரு விமானத்துக்கு அமர்த்தப்படும் சிப்பந்திகள் தொகை தாராளமானது என்பதும் உண்மையே. அவற்றுக்குரிய புகழ் அக்கம்பெனிக்கு உரியதே. அதே சமயத்தில், அவர்கள் குறித்த காலத்து ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்தப்படுகிறவர்கள் என்பதையும், கர்ப்பமுற்ற பணிப்பெண் மகப்பேற்றுக்குப் பின் பறக்கும் வேலையில் தொடரலாம் என்ற ஏற்பாடு அங்கே 2022-இல்தான் வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கத்தார் ஏர்வேஸ் தன் பணிப்பெண்களின் கர்ப்பத்தைக் காரணமாக வைத்து ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை வைத்துக்கொண்டிருந்ததைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2015-இல் கண்டித்தது. அதன் பிறகே அங்கு விதிகள் தளர்ந்தன. நம் நாடும் இதற்கு விலக்கன்று. ஏர் இந்தியாவின் பணிப்பெண் 35 வயதிலோ, பணியேற்ற நான்கு வருஷத்துக்குள் மணம் புரிந்தாலோ, முதற் கர்ப்பத்திலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது விலக வேண்டும் என்றிருந்த விதி, நர்கேஷ் மீர்ஸா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கர்ப்பத்தைப் பற்றிய பகுதியை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. நான்கு வருஷத்துக்குள் மணம் கூடாது என்ற பகுதியை நிலைநிறுத்தியது.

இளமையும் பிரமசரியமும் நிபந்தனைகளாக, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலை எப்போதும் உடனிருக்க, அந்நிலையில் மலரும் முகத்தை ஒரு தேசத்தின் சுபாவம் என்று புகழ்வது, அந்த முகத்துக்குரிய பெண்ணுக்கும் அத்தேசத்துக்கும் ஒருங்கே செய்யும் அநீதி.

பயத்தைக் கொண்டு அன்றி, அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதன் மூலம் நல்லுபசாரத்தை உண்டாக்கலாம் என்பதற்கு எஸ்.ஏ.எஸ். கம்பெனியின் தலைவராக 1981-இல் பொறுப்பேற்ற யான் கார்ல்ஸோன் உதாரணம். ஒரு வருஷத்தில் தம் கம்பெனியின் 1 கோடிப் பிரயாணிகள் தலைக்குச் சுமார் ஐந்து சிப்பந்திகளைச் சந்திக்கிறார்கள், ஒவ்வொரு சந்திப்பும் சராசரி 15 விநாடி நீடிக்கிறது என்று அவர் கணக்கிட்டார். அந்த 5 கோடிச் சந்திப்புகளே கம்பெனி வாழ்வதையும் வீழ்வதையும் நிர்ணயிக்கின்றன என்றும், அத்தருணத்தில் மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே முடிவு செய்யும் உரிமை சிப்பந்திக்கு வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். தொழில் நிமித்தம் பயணிப்பவர்களுக்காக அவர் வகுத்த யூரோ கிளாஸ் வெற்றி பெற்றதும், நஷ்டத்தில் இருந்த கம்பெனி சீக்கிரத்தில் லாபம் கண்டதும் வர்த்தகக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகின்றன.

இதற்கு நேர்மாறான காட்சி 2014 டிசம்பர் 5-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்தது. கொரியன் ஏர் கம்பெனியின் உபதலைவரும் அதன் தலைவருடைய புதல்வியுமான சோ ஹியுன்-ஆ, முதல் வகுப்பில் தமக்கு மக்கடேமியாப் பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகவே கொடுத்தார்கள் என்று சினந்து, புறப்பட நகர்ந்துகொண்டிருந்த விமானத்தைத் திருப்பச் செய்து, சிப்பந்திகளின் தலைவரை இறக்கிவிட்டார். கொரிய மக்கள் கொதித்தெழுந்தார்கள். மறு வருஷம் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது, மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. உயர்வகுப்பு உபசாரம் அடிமைப்பணியாக எப்போது மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் கிடைப்பது அரிது. விமானத்துக்குள் பிரயாணிகளின் பத்திரத்துக்குப் பொறுப்பானவரை ஒரு பருப்புப் பொட்டலத்துக்காக வெளியேற்றக்கூடிய நிர்வாகத்தில், எந்தச் சிப்பந்தி துணிந்து ஒரு முடிவு செய்வார்?

வகுப்புப் பாகுபாடு பிரயாணிகளின் மனத்தையும் பாதிக்கிறது. டிசெல்ஸ், நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் வகுப்பு உள்ள விமானங்களின் சிக்கன வகுப்பில் ரகளைகள் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி என்றும், பின்வகுப்பார் முன்வகுப்பின் வழியே நடந்து ஏற நேர்ந்தால் அவை மேலும் பெருகுகின்றன என்றும் கூறினார்கள். அந்த இரண்டாவது முடிவின் புள்ளிவிவர முறையைப் பற்றி வேறு அறிஞர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள். ஆகையால் அதைக் கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டியதில்லை.

உபசாரத்துக்கு அப்பால் இவர்களுடைய மெய்யான தொழில் எது என்பதை அபாயம் வரும்போதுதான் உலகம் நினைத்துப் பார்க்கிறது. 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பிரயாணிகளைக் காக்க முயன்று உயிர்நீத்த சிப்பந்தி நீரஜா பனோட்டுக்கு அசோக சக்கரம் வழங்கி நம் தேசம் மரியாதை செய்தது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. உள்ளே அறிவிப்புச் சாதனம் பழுதாகிவிட்டது. சிப்பந்திகள் ஒலிபெருக்கிக் குழலாலும் வெறுங்குரலாலும் ஆணையிட்டார்கள். எட்டு வாயில்களில் தீ நெருங்காத மூன்றை மட்டும் தேர்ந்து திறந்தார்கள். பின்புறத்தில் நின்றவர் விமானியோடு பேச இயலாத நிலையில் தாமாகவே முடிவு செய்து கதவைத் திறந்தார். அந்த விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். சற்று முன்வரை மெல்லிய குரலில் பானம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பெட்டியைத் தொடாதீர்கள் என்று அதட்டினார்கள். அதட்டலுக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். பணியாளாக மட்டுமே நடத்திப் பழக்கிய ஒருவரின் கட்டளைக்கு, அந்த நொடியில் ஜனங்கள் கீழ்ப்படிவார்கள் என்று எந்தக் கம்பெனியும் எதிர்பார்க்க முடியாது.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வட அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றில் சம்பளக் கணக்கு விமானத்தின் கதவு மூடப்பட்ட பிறகோ சக்கரம் நகரத் தொடங்கிய பிறகோதான் ஆரம்பமாகிறது. உயர்வகுப்புப் பிரயாணியை வாயிலில் வரவேற்று, பெயர் சொல்லி அழைத்து, மேலங்கியை வாங்கி மாட்டி, முதற்பானத்தை நீட்டும் அந்த நேரம், கார்ல்ஸோன் சொன்ன 15 விநாடிகள் மிகச் செறிந்து வரும் நேரம், கூலியில்லாத நேரமாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. 2022-இல் டெல்டா கம்பெனி ஏறும் நேரத்துக்கு அரைக்கூலி தர முன்வந்தது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் 10,000-க்கும் மேற்பட்ட சிப்பந்திகள் இதையே முக்கியக் கோரிக்கையாக வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் வேலைக்குத் திரும்பப் பணித்தும் அவர்கள் உடனே இணங்கவில்லை. தரைநேரத்துக்கும் ஓரளவு ஊதியம் தர நிர்வாகம் இசைந்த பிறகே திரும்பினார்கள்.

மிகுந்த பணம் கொடுத்துப் பயணம் செய்பவருக்கு நல்ல சேவையைக் கேட்டுப் பெறும் உரிமை நிச்சயமாக உண்டு. குறை நேர்ந்தால் எழுத வேண்டியதும் அவசியம். ஆனால் அப்படி எழுதுகிறவர்கள், முகம் சுளித்த சிப்பந்தியின் பெயரைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடாமல், அன்றைக்கு அந்தப் பகுதியில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், அவர்கள் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள் என்பவற்றையும் கம்பெனியாரிடம் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்கு விடை சொல்லும் கடமை கம்பெனியாருக்கே உண்டு.